ஒரு நாள் விடுப்பு

உலகம் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை நாலரைக்கு வழக்கம்போல எனக்கு விழிப்பு வந்துவிட்டது. இடுப்பு வலியும் இருந்த இடத்திலேயே இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்தேன்.

என் வீட்டுக்காரர் நேற்றுப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாகத் தெருத்தெருவாகத் துண்டுச்சீட்டு கொடுத்த மனிதர். உலகம் முடியும் என்று பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர் சொன்ன தேதி, நேரம், மனம் திருந்துங்கள் என்று ஒரு வரி, அவ்வளவுதான் அதில் இருக்கும். பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, சலூன் எதையும் விடமாட்டார். ஊர் அவருக்குக் 'கடைசிநாள்' என்று பேர் வைத்தது. நான் கடைசிநாள் பொண்டாட்டி. சலூன்காரர் இவர் கண்ணெதிரிலேயே அந்தச் சீட்டில் சவரக் கத்தியைத் துடைப்பார். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? இவருக்குக் கோபமே வராது. கேலி செய்கிறவரிடம் இன்னொரு சீட்டை நீட்டி, "உங்களுக்கும் சேத்துத்தான்" என்பார். பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கூடத்தில் ஒரு கட்டளை இருந்தது. நாளை என்று ஒன்று இல்லை என நம்புகிறவர் நாளைக்கென்று வேலை வைத்திருக்கக் கூடாது. ராஜினாமாக் கடிதத்தை எல்லோர் முன்பும் எழுந்து நின்று வாசித்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். இவர் தையல் கடை வேலையை அப்படித்தான் விட்டார். போன மாதம் நானும் வாசித்தேன், இந்தப் புதன்கிழமையோடு வேலையை விடுகிறேன் என்று. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினேழு வருஷமாக விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறவள் நான். வாசித்து முடித்தபோது இவர் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. வியாழக்கிழமைக்கு ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் குடும்ப விசேஷம் என்று போட்டேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வேறென்ன செய்ய? எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஊரே சிரிக்கும்போது வீட்டில் ஒருத்தியாவது நம்புகிறாள் என்ற தெம்பில்தான் இந்த மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் ஒடிந்துபோவார். அது மட்டும் தெரியக்கூடாது என்றுதான் ஒரு மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

நேற்றுக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தோம். மூன்று ஐம்பத்தொன்பதுக்கு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். நான்கு அடித்தது. நாலே கால் ஆனது. யாரோ தும்மினார்கள். ஐந்தரைக்குப் பெரியவர் எழுந்து, நம் பிரார்த்தனையால் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றார். எல்லோரும் செருப்பைத் தேடிக் கிளம்பினோம்.

காலையில் நான் சீருடை போடுவதை இவர் பார்த்தார். எங்கே என்று கேட்டார். வேலையைத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். வாய் கூசத்தான் செய்தது.

"இரு, நானும் வர்றேன். நான்தானே விட வெச்சேன். நானே கேக்குறேன்."

வேண்டாம், தூங்காத உடம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். கேட்கவில்லை. சட்டையை மாற்றாமலே கிளம்பிவிட்டார். டீக்கடையில் நின்றவர்கள் எங்களைக் கண்டதும் இன்றைக்கு என்ன கிழமை என்று ஒருவரையொருவர் சத்தமாகக் கேட்டுக்கொண்டார்கள். இவர் அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார். பின்னாலேயே போன எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

சலவைக்கூடத்தில் அப்போதுதான் கொதிகலனைப் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அக்கா அழுக்கு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கண்ணைக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை. இவர் கைகூப்பிக்கொண்டு போய் நின்றார். தப்பு என்னுடையது, அவள் என் பேச்சைக் கேட்டுத்தான் வேலையை விட்டாள், பதினேழு வருஷம் உழைத்தவள், மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். காலைத் தொடக் குனியக்கூடப் பார்த்தார். அக்கா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"அய்யோ, என்னண்ணே இது? அவங்க எங்க வேலையை விட்டாங்க? ஒரு நாள் லீவுதானே."

வேலைப் பட்டியல் நோட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் இடத்தில் விடுப்பு எடுக்கிறவர், திரும்பி வரும் நாளின் கட்டத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. அதற்கு நேரே என் கையெழுத்து.

வரவே வராது என்று இவர் ஊரெல்லாம் சொன்ன நாள். அந்தக் கட்டத்தின் மேல் இவர் விரலை வைத்துக்கொண்டு நின்றார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

"நேத்து என் கையை அந்தப் பிடி பிடிச்சியே" என்றார் மெதுவாக.

"பயந்துதாங்க பிடிச்சேன். அது பொய்யில்ல."

"கையெழுத்து புதன்கிழமையே போட்டாச்சே."

ஆமாம் என்றேன்.

நோட்டை மூடி அக்காவிடம் கொடுத்தார். வேலை நேரத்தில் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஊர் சிரித்தபோது ஒருநாளும் தொங்காத தோள் இப்போது தொங்கிவிட்டது. நேற்று நான்கு மணிக்குக்கூட அது நேராகத்தான் இருந்தது. வாசல்வரை போனார். வாட்ச்மேன், அடுத்த தேதி எப்போது என்று சிரித்தபடி கேட்டது எனக்கும் கேட்டது. இவர் கை தன்னால் சட்டைப் பைக்குள் போனது. மீந்த சீட்டு ஒன்றை எடுத்தார். அவரிடம் நீட்டவில்லை. திரும்பி நடந்து என்னிடம் வந்தார்.

இந்த இரண்டு வருஷத்தில் எனக்கு மட்டும் அவர் ஒரு சீட்டும் கொடுத்ததில்லை. தேவைப்படாது என்று நினைத்திருப்பார்.

சீட்டை நீட்டினார். வழியில் போகிறவர்களிடம் நீட்டும்போது முகத்தில் இருக்குமே, அதே மரியாதை, அதே பொறுமை.

"உங்களுக்கும் சேத்துத்தான்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக நீ, வா, போ என்று என்னிடம் பேசிய வாய். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.