ஆறு புள்ளி எட்டு

மூன்றாவது முறையும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று திரையில் வந்தபோது மதிவதனி அதைப் போனில் படித்துச் சொன்னாள். செங்கம் சாலையில் அவள் வேலை செய்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து ஒரு ரிப்போர்ட்கூட அச்சாகவில்லை. தீபத் திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது. வாசல் பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மென்பொருளை எழுதிக் கொடுத்த வீரேந்திரன் சென்னையிலிருந்து நிலையத்து லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தால்தான் கோளாறு தெரியும். அவன் நுழைவதற்கான சர்வீஸைத்தான் அவள் ஒரு மணி நேரமாக ஓடவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்வீஸே ஓடல மேடம், அதான் ரெஃப்யூஸ்டுன்னு வருது. நான் சொல்றத அடிங்க" என்றான் போனில்.

அடித்தாள். ஓடியது. ஆனால் சென்னையிலிருந்து அவனால் நுழைய முடியவில்லை, வெளியாட்களை உள்ளே விடாத ஃபயர்வால் தடுத்தது. அவனுக்கு வழிவிடச் சொல்லும் வரியை அவள் அதன் விதிப் பட்டியலின் கடைசியில் சேர்த்தாள். எல்லாரையும் தடுக்கும் வரி அதற்கு மேலேயே இருந்தது. மெஷின் அந்த வரியோடு நின்றுவிடும், கீழே படிக்காது என்பது அன்று அவளுக்குத் தெரியாது.

"ஃபயர்வால மொத்தமா நிறுத்திடுங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்றான் வீரேந்திரன்.

நிறுத்தினாள். அடுத்து பாஸ்வேர்டு. நிலையத்தின் உரிமையாளர் பரசுராமன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "ஈஸியா ஏதாவது வையி மதி. லேப் பேரு, ஒண்ணு ரெண்டு மூணு. வெளிய ஜனம் கத்துது" என்றார். வைத்தாள். வீரேந்திரன் உள்ளே நுழைந்து சரிசெய்தான், பத்து நிமிடத்தில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிடச் சொல்லிவிட்டு வீரேந்திரன் போனை வைத்தான். மறுநாள் மூடலாம் என்று நினைத்தாள். மறுநாள் ஊரே தீபக் கூட்டத்தில் மூழ்கியது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பிறகு மறந்தே போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் மெஷினைப் பார்த்தால் நோயாளிகளின் கோப்பு ஒன்றுகூட இல்லை. வீரேந்திரனுக்குப் போன் செய்து, உள்ளே வந்தவர்கள் பதிவாகும் இடத்தைக் கேட்டுத் தேடினாள். யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ, பல்லாயிரம் முறை பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தார்கள். சனிக்கிழமை ராத்திரி ஒருவனுக்குத் திறந்திருந்தது, அவன் எல்லாவற்றையும் அழித்திருந்தான். சிடியில் பிரதி எடுப்பதை மே மாதத்தோடு விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் நோட்டில் எழுதுவதையும் நிறுத்தியாயிற்று.

"வர்றவங்ககிட்ட மெஷின் ரிப்பேருன்னு சொல்லி மறுபடி ரத்தம் எடு" என்றார் பரசுராமன். "வெளிய தெரிஞ்சா ஒரு டாக்டர்கூட நமக்கு டெஸ்ட் எழுதித் தரமாட்டாரு."

"வராதவங்க, சார்?"

அவர் வாசலுக்குப் போய் அடுத்த ஆளை உள்ளே அனுப்பினார்.

வராதவர்களில் ஒருத்தி மதிவதனியின் மனசைவிட்டுப் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டைப் செய்த கடைசி ரிப்போர்ட். சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற கிரியாட்டினின், ஆறு புள்ளி எட்டு. ஒன்றைத் தாண்டினாலே டாக்டர்கள் யோசிக்கிற எண் அது. திங்கட்கிழமை முதல் வேலையாக போன் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் வீட்டுக்குப் போயிருந்தாள். போன் நம்பர், டாக்டர் பெயர், அந்தப் பெண்ணின் பெயர் எல்லாமே மெஷினோடு போய்விட்டது. ஊர் அடி அண்ணாமலை என்று டைப் செய்தது நினைவிருந்தது. ரத்தம் எடுக்க ஊசி போடும்போது, "ஜாஸ்தி எடுக்காதம்மா, கடையில நிக்கணும்" என்று அந்தப் பெண் சிரித்ததும் நினைவிருந்தது. தேடிப் போனால் பரசுராமனுக்குத் தெரிந்துவிடும், வேலை போய்விடும். பன்னிரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்த எண்தான் முன்னால் வந்தது.

பதின்மூன்றாம் நாள் மதியம் லீவு சொல்லிவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனாள். கிரிவலப் பாதையில் ஒவ்வொரு கடையாக விசாரித்தாள். ஏழாவது கடையில் அந்தப் பெண்ணே நின்று இளநீர் சீவிக்கொண்டிருந்தாள். பெயர் திரௌபதி என்று அப்போதுதான் மறுபடி தெரிந்தது. முகம் ஊதியிருந்தது. கண்கள் இடுங்கிப்போயிருந்தன.

"அக்கா, உங்க ரிப்போர்ட் வாங்கவே வரலையே."

"கடய வுட்டுட்டு எங்க வர்றது? யாரும் கூப்புடல. அப்ப நல்லாத்தான் கீதுன்னு இருந்துட்டேன்."

மதிவதனி சொன்னாள். எண்ணைச் சொன்னாள், இன்றைக்கே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். கோப்பு அழிந்ததையும் அதற்குத் தான் திறந்து வைத்ததுதான் காரணம் என்பதையும், பன்னிரண்டு நாள் தெரிந்தே பேசாமல் இருந்ததையும் சொன்னாள்.

திரௌபதி அரிவாளைக் கீழே வைத்தாள்.

"கம்ப்யூட்டர்ல அழிஞ்சிச்சின்னா எனக்கு இன்னா தெரியும்? நான் பொழச்சிக்குவனா, அதச் சொல்லு."

திரௌபதி இளநீர்க் குவியலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து, புடவையைச் சற்றுத் தூக்கி, வீங்கியிருந்த கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள்.

"பத்து நாளா இப்டித்தான் கீது."

விரல் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எழும்பவில்லை.