ரெண்டாவது பொத்தான்

சாவியைத் திருப்பினால் கார் பதில் சொல்லத்தான் பார்த்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல், இன்னொரு முனகல், அப்புறம் டிக் டிக் என்று பல் கிட்டுகிற சத்தம். பனி விழுந்த காலைகளில் எல்லாம் இதே கூத்துதானாம். மெக்கானிக் மச்சினன் நான் ஒருத்தன் ரெண்டு தெரு தள்ளிக் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, மாமா வேறு எவனையோ கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அக்கா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

வந்தவன் பாட்டரியை மாற்றச் சொன்னானாம். இவர் முடியவே முடியாது என்று அனுப்பிவிட்டாராம். அவன் சொன்னது சரிதானா என்று நானே பார்த்தேன். முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி இறுக்கினேன். எர்த் வயர் நன்றாக இருந்தது, ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் குறையில்லை. என் வண்டியிலிருந்து கேபிள் போட்டதும் முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஓடும்போது சார்ஜும் ஒழுங்காக ஏறியது. வண்டியை நிறுத்தி, மீட்டரை வைத்துக்கொண்டு மறுபடி திருப்பச் சொன்னால், வோல்ட் மளமளவென்று இறங்கியது. பாட்டரிக்கு வயசாகிவிட்டது, குளிரில் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று எனக்கு மண்டை காய்ந்தது.

ஆனாலும் வயசுக்கு மீறி இறங்குகிறதே என்று ஒரு உறுத்தல். தினமும் காலையில் என்ன செய்வீர்களோ அதை அப்படியே செய்து காட்டுங்கள் என்றேன். மாமா தயங்கினார். பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார், ஆனால் உட்காரவில்லை. வெளியே நின்றபடியே கதவிலிருந்த ரெண்டாவது பொத்தானை அமுக்கினார். சீட் முனகிக்கொண்டு முன்னால் போனது, கொஞ்சம் உயர்ந்தது, முதுகு நிமிர்ந்தது. பக்கக் கண்ணாடிகள் குனிந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒன்றாவது பொத்தானை அமுக்கினார். எல்லாம் அவருடைய நெட்டை உடம்புக்கு ஏற்றபடி பின்னால் வந்தது. அதற்குப் பிறகுதான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டிக் டிக்.

"சாகக் கெடக்குற பாட்டரிய வச்சுக்கிட்டு காலங்காத்தால இந்த விளையாட்டு எதுக்கு மாமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அது உங்க அக்கா சீட்டு மாப்ள" என்றார். "பாட்டரிய மாத்துனா அது அழிஞ்சிடுமாமே."

மீட்டரைக் கீழே வைத்தேன்.

முன்னால் வந்த மெக்கானிக் அவரிடம் அப்படிச் சொல்லியிருந்தது உண்மைதான். இந்த வண்டியில் ஆளுக்கொரு பொத்தானில் அவரவர் சீட் அளவைப் பதித்துவைக்கலாம், பாட்டரியைக் கழற்றினால் அதெல்லாம் துடைத்த மாதிரி போய்விடும். அக்கா குள்ளம். ஸ்டியரிங்கில் மூக்கு இடிக்கிற மாதிரிதான் உட்காருவாள். கடித்துத் தின்னப் போகிறாயா என்று கேட்டால், ரோட்டை நீயா பார்க்கப் போகிறாய் என்று திருப்பிக் கொடுப்பாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அவள்தான் ஓட்டினாள், மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது அவர் ஒன்றாவது பொத்தானை அமுக்கித்தான் வந்திருக்க வேண்டும். இந்த மனுஷனை இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தேனே.

வழி இருக்கிறது என்றேன். வேறொரு பாட்டரியிலிருந்து கேபிளில் கரண்டு கொடுத்துக்கொண்டே பழசைக் கழற்றிவிடலாம். நடுவில் விட்டுப்போகாது, ஒன்றும் அழியாது. மாமா நம்பாமல் பார்த்தார்.

"போயிடாதே?"

"போகாது மாமா. நான் பொறுப்பு."

அன்றைக்குக் கடையில் அந்த அளவு பாட்டரி இல்லை. மறுநாள் காலை புதுப் பாட்டரியும் கேபிள் கொடுக்க இன்னொன்றுமாகப் போனேன். ராத்திரி பனி கொட்டித் தீர்த்திருந்தது. ரிமோட்டை அமுக்கினால் கதவு திறக்கவில்லை, சாவி போட்டுத்தான் திறந்தோம். உள்விளக்கு எரியவில்லை. பானெட்டைத் தூக்கிக் கேபிளை மாட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கடிகாரம் அப்போதுதான் பிறந்த மாதிரி பன்னிரண்டு என்று மினுக்கியது. பழைய பாட்டரி ராத்திரியே அடியோடு செத்திருந்தது. எது போகக்கூடாது என்று பார்த்தோமோ அது நாங்கள் தூங்கும்போதே போய்விட்டது.

மாமா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கேபிள் நுனியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இது நழுவக்கூடாது, இரும்பில் படக்கூடாது என்று முந்தின நாள் நான்தான் பாடம் எடுத்திருந்தேன். கைக்குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி தாங்கிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் குளிரில் வெளுத்துப்போயிருந்தன. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பழசைக் கழற்றினேன், புதுசை வைத்தேன், திருகாணியை இறுக்கினேன். ஜாக்கிரதை மாமா, ஜாக்கிரதை என்று நடுவில் ரெண்டு தரம் வேறு சொன்னேன்.

முடிந்ததும், குடிக்கச் சூடாக ஏதாவது கொண்டுவாருங்கள் என்று அவரை உள்ளே அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் அக்கா இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் தள்ளினேன், உயர்த்தினேன். முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவள் முகம் எங்கே இருக்கும், முழங்கை எங்கே இடிக்கும் என்று தேடினேன். எத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன், ஒரு நாளாவது ஒழுங்காகப் பார்த்தேனா? இவ்வளவுதான் இருக்கும் என்று ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாடிகளைக் குனியவைத்து, ரெண்டாவது பொத்தானில் பதித்தேன். அவருடையதும் போயிருக்குமே என்று, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி ஒன்றிலும் பதித்தேன். கடிகாரத்தையும் சரி செய்துவிட்டு இறங்கினேன்.

மாமா டீயோடு வந்தார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கதவருகே நின்று ரெண்டை அமுக்கினார். சீட் முன்னால் போய் நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். டம்ளர் என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"சரியா இருக்குல்ல மாமா?"

"இருக்கு மாப்ள" என்றார் என்னைப் பார்க்காமல். "அப்படியே இருக்கு."

பழைய பாட்டரியைத் தூக்கிக்கொண்டு என் வண்டிக்கு நடந்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் சீட் மோட்டார் மெல்ல முனகுவது கேட்டது. கொஞ்சம் முன்னால் போனது. நின்றது. ஒரு விரற்கடை பின்னால் வந்தது. நின்றது. மறுபடியும் முன்னால். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டரியை இறக்கிவைத்தால் கேட்டுவிடுமே என்று, கை கடுக்கக் கடுக்க அதைத் தூக்கிக்கொண்டே நின்றேன்.