யாரும் கடக்காத வளைவு

மருமகள் நாற்காலிகளை மறுபடியும் வரிசை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் கிடந்தவற்றை நிழலுக்கு இழுத்தாள். நிழலில் கிடந்தவற்றைச் சுவரோரம் அடுக்கினாள். உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி, அவர் நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டு, அதிலேயே அவரைத் திரும்ப உட்கார வைத்தாள். துக்க வீட்டில் யார் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், அது ஒரு வசதி.

"டீச்சரம்மா, கொஞ்சம் உட்காருங்களேன். காலையிலேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கீங்க" என்றாள் அடுத்த வீட்டுத் தையல்காரி.

"இதோ உட்கார்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் காலி டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உட்கார்ந்தால் வலது கால் சும்மா இருப்பதில்லை, தரையை அழுத்துகிறது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பத்து வருடமாக மற்றவர்கள் மறந்த பிரேக்கையெல்லாம் அவள்தான் போட்டு வருகிறாள். சினிமா பார்க்கும்போதுகூட அந்தக் கால் அழுத்தும். புருஷன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நேற்று மத்தியானத்திலிருந்து அழுத்திய கால் எடுபடவே இல்லை.

கூடத்தில் மாமா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். தலையில் கட்டு, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டுக்கு மேலே தெரிந்த முடியை யாரோ நன்றாக வாரிவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அவர் தலை இப்படிப் படிந்து நின்றதில்லை.

தெருமுனையில் பெரிய சாலை ஒரு கிடங்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு வளைகிறது. வருகிற வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். வீடு இந்தப் பக்கம், மாமாவின் ஜெராக்ஸ் கடை அந்தப் பக்கம். சிக்னல் வேண்டும் என்று ஐந்து வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "மனுவுக்கு என்ன பஞ்சம்? மெஷின் நம்மளது" என்பார். நகராட்சியில் வருடாவருடம் விபத்துக் கணக்கு வெளியாகும். அதைப் படிக்கிற முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவராகத்தான் இருக்கும்.

கணக்கு அவருக்கு எதிராகவே போனது. முதல் வருடம் வளைவில் ஏழு மோதல், இரண்டு சாவு. அடுத்த வருடம் நாலு. அப்புறம் இரண்டு. போன வருடம் ஒன்றுமே இல்லை. சாலைப் பொறியாளர் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, சராசரி இறங்கிக்கிட்டே வருது. இப்பப் போய் சிக்னல் கேக்கறீங்க" என்றாராம். எதைக் கேட்டாலும் சராசரி என்றுதான் ஆரம்பிப்பார் போலிருக்கிறது. வீட்டில் அவருக்குச் சராசரி என்றே பெயர் ஆகிவிட்டது.

"நான் சொன்னேன்," என்று மாமா சாப்பிட்டுக்கொண்டே கதை சொல்வார், "சார், குளத்துல முதலை இருக்குன்னு தெரிஞ்சா எவனும் குளிக்க எறங்க மாட்டான். அப்பக் கடிபட்டவன் கணக்குக் கொறையத்தான் செய்யும். முதலை சைவமா மாறிடுச்சுன்னு அர்த்தமா?"

உண்மையும் அதுதான். அந்த வளைவில் இப்போது யாரும் கடப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சந்தை வழியாகச் சுற்றிப் போகிறார்கள். வயதானவர்கள் போவதையே விட்டுவிட்டார்கள். அத்தையின் சொந்த அக்கா எதிர்ச் சாரியில்தான் இருக்கிறாள். இருவரும் அவரவர் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கையாட்டிக்கொள்வார்கள், மற்றதெல்லாம் போனில். இன்று தங்கை புருஷனைப் பார்க்க அந்த அக்கா ஆட்டோ பிடித்து ஊரையே சுற்றி வந்திருந்தாள்.

மாமா மட்டும் கடப்பார். "நானும் விட்டுட்டா முதலைக்குப் போரடிக்கும்" என்பார்.

போன மாதம் கடைசியாக நகராட்சிக்குப் போய்வந்து ஒன்று சொன்னார். "இந்த வருஷம் ஒரு சாவாவது இருந்தாத்தான் புது விதி எடம் கொடுக்குமாம். சரி சார், ஆளு கெடைக்கலைன்னா நானே வந்து படுத்துக்கறேன்னுட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். மோர் புரையேறியது அவளுக்கு.

நேற்று அவள் தெருவிலிருந்து பயிற்சிக் காரில் வளைவுக்கு வந்து நின்றாள். ஸ்டியரிங்கில் ஒரு வங்கிக்காரப் பெண். எதிரே கடை ஷட்டரை இறக்கிவிட்டு மாமா சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நடுச்சாலைக்கு வந்தவர் நின்றார். வலது கையால் சட்டையின் மார்புப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தார். எதையோ மறந்துவிட்டவர் போலக் கடையைத் திரும்பிப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. மல்லாக்க விழுந்தார். பின்மண்டை தார்ச்சாலையில் பட்ட சத்தம் கார்க் கண்ணாடிக்குள்ளும் கேட்டது. எந்த வண்டியும் அவரைத் தொடவில்லை. அடுத்து வந்த லாரி ஒன்று ஒடித்து விலகிப் போயிற்று, அவ்வளவுதான். வங்கிக்காரப் பெண் பயந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவள்; அந்தப் பழக்கத்தை விடவைக்கத்தான் இரண்டு வாரமாகப் பாடு. அவள் கண்ணை மூடியிருந்தாள். நகர ஆரம்பித்த காருக்குப் பிரேக்கைப் போட்டது இவள்.

ஓடிவந்தவர்கள் லாரியின் முதுகைத்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் புருஷன் வந்து சேர்வதற்குள் தெரு முடிவு செய்துவிட்டது: லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. டாக்டர் தலையில் அடி என்றார். அதுவும் நிஜம்தானே. அந்த அடியிலேயே விடியும் முன் போய்விட்டார். நடுவில் நடந்ததை அவளிடம் யாரும் கேட்கவில்லை. பாவம், கண்ணால் பார்த்தவள், அவளைப் படுத்தாதீர்கள் என்று விட்டுவிட்டார்கள். புருஷன் மட்டும் ஒருமுறை, "லாரி நம்பர் பாத்தியா?" என்றான். "இல்ல" என்றாள். அது பொய்யில்லை.

"அவரு கேட்டதை வாங்கிட்டுத்தான் போறாரு" என்று அத்தை வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "இனி சிக்னல் போட்டுத்தானே ஆவணும்? போடாம இருக்க முடியுமா?"

"எப்படிம்மா முடியும்? போட்டுத்தான் ஆவணும்" என்றார்கள் எல்லோரும். அதைக் கேட்டதும் அத்தையின் அழுகை கொஞ்சம் அடங்கும். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி கேட்பாள்.

மருமகள் கிளாஸ்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். புருஷன் சமையலறைக்குள் வந்து சுவரில் சாய்ந்தான். கண் வீங்கியிருந்தது.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"அந்தச் சிக்னல் கம்பத்துல அப்பா பேர் போடச் சொல்லிக் கேக்கணும்டி. சின்னதா, அடியில. போடுவாங்கதானே?" என்றான் அவன். அப்புறம்தான், "என்ன சொல்லணும்?"

"டீத்தூள் தீந்துபோச்சு" என்றாள்.

சவ வண்டிக்குச் சொல்லியிருந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலைப் பொறியாளர் வந்தார். ஒல்லியான மனிதர்; தோல்பை ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவரை இறக்கிவிட்ட ஆபீஸ் ஜீப்பைத் தெரு இளவட்டங்கள் உடனே கிளப்பிவிட்டார்கள். சவ வண்டி நிற்க இடம் வேண்டும், எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடு என்று டிரைவரிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னார்கள். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை. காலையிலிருந்து ஊருக்கெல்லாம் நாற்காலி போட்ட மருமகளும் போடவில்லை.

"யாரது, சராசரியா?" என்றாள் அத்தை, கூடத்திலிருந்து.

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அத்தையின் பக்கம் குனிந்து, "அம்மா, சிக்னலுக்கு நாளைக்கே எழுதிடறேன். இப்ப விதி எடம் கொடுக்குது" என்றார்.

அத்தை இரண்டு கையையும் கூப்பினாள். அவள் அழுத அழுகையில் அக்காக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மருமகள் கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள்.

"நீங்கதான் பாத்தீங்கன்னு சொன்னாங்க."

பின்னால் பொறியாளர். பையை இன்னும் விடவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா நெனைக்காதீங்க. போன மாசம் ஆபீசுல உங்க மாமா ஒரு வார்த்தை சொன்னாரு…"

"தெரியும். நானே வந்து படுத்துக்கறேன்னாரு."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்னு சொன்னாரா?"

அவள் தலையாட்டினாள், இல்லை என்று.

"அதுக்கும் ஒரு மனு கொடுத்துடுங்கன்னேன். அவரும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன்." பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "ராத்திரி பூரா தூக்கமில்ல. அவரு… லாரி வர்றதைப் பாத்துட்டுமா நின்னாரு? வேணும்னே…?"

அந்தப் பைக்குள் எத்தனை வருடக் கணக்கு இருக்கிறதோ. இந்த ஆளை அவள் நாலைந்து வருடமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வறுத்தெடுத்திருக்கிறாள், நேரில் பார்த்ததே இல்லை. பார்த்தால் இப்படி இருக்கிறார், காலர் கிழிந்து, தூங்காத கண்ணோடு. ஒரு வார்த்தை சொன்னால் இவர் பிழைத்துக்கொள்வார். சொல்லாவிட்டால் சிக்னல் வரும். அத்தை அக்கா வீட்டுக்கு நடந்து போவாள். கம்பத்தின் அடியில் சின்னதாக மாமாவின் பெயர் இருக்கும்.

"உங்க ஜீப் எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"எதிர்ப்பக்கம்னு நெனைக்கறேன்."

"வாங்க. நடந்துகிட்டே சொல்றேன்."

வளைவில் வந்து நின்றார்கள். எதிரே இறங்கிக் கிடந்த ஜெராக்ஸ் கடை ஷட்டருக்கு முன்னால் ஜீப் நின்றது. நடுச்சாலையில் ரத்தம் இருந்த இடத்தில் யாரோ மண் அள்ளிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் அதைப் பாதி அடித்துக்கொண்டு போயிருந்தன. சிமெண்ட் லாரி ஒன்று கிடங்குச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வருவதுபோல வந்து போயிற்று. பொறியாளர் ஒரு காலை எடுத்து வைத்தார். பஸ் வந்தது. காலைப் பின்னுக்கு இழுத்தார். பஸ்ஸின் வாலைப் பிடித்தாற்போல் இரண்டு பைக். மறுபடி ஒரு கால். மறுபடி ஒரு லாரி. அவளுடைய வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"இல்ல. இது சாப்பாட்டு நேரம், இப்பக் கம்மி."

பிறகு அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேணும்னு நிக்கல சார். லாரியும் அடிக்கல. நெஞ்சைப் புடிச்சாரு, விழுந்தாரு. வண்டி எதுவும் அவரைத் தொடவே இல்ல. நான் பாத்தேன்."

அவர் மூச்சு விட்டதை அவள் கேட்டாள். அப்படி ஒரு மூச்சு. பையைக்கூட இறக்கிவிட்டார். அப்புறம்தான் அவர் முகம் மாறியது. தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இது விபத்தே இல்லையேம்மா."

"இல்ல. இந்த வருஷமும் உங்க கணக்குல இங்க ஒண்ணுமில்லதான்."

"நான் அம்மாகிட்ட சொல்லிட்டேனே."

"சொல்லிட்டீங்க."

"இதை யார்கிட்டயாவது…"

"யாருக்கும் தெரியாது. சொல்லாமலே விட்டிருப்பேன். விடணும்னுதான் காலையிலேர்ந்து பாத்தேன்." அவள் குரல் உடைந்தது, அவளுக்கே கோபம் வந்தது. "அஞ்சு வருஷமா உங்க மேசை முன்னால வந்து உள்ளதை மட்டும் சொன்ன மனுஷன் சார். இல்லாத லாரியை அவர் மேல ஏத்தி நான் சிக்னல் வாங்கினா, எந்திரிச்சு வந்து என்னைத்தான் திட்டுவாரு. எனக்குச் சிக்னல் வேணும். எங்க அத்தைக்கு வேணும். ஆனா அவரு செத்தாருன்னு வேண்டாம். நீங்க இப்ப கடக்க முடியாம இங்க நிக்கறீங்க பாருங்க, அதுக்காகப் போடுங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சராசரி என்று ஆரம்பிப்பாரோ என்று ஒரு கணம் இருந்தது. தெருவுக்குள்ளிருந்து சவ வண்டியின் ஹாரன் கேட்டது.

"நான் போறேன். பாத்துக் கடங்க" என்று சொல்லிவிட்டு, அவள் வேகமாகத் திரும்பி நடந்தாள்.

கூடவே வருவேன் என்று அத்தை பிடிவாதம் பிடிக்க, வண்டியில் முன் இருக்கையில் மருமகளையும் அத்தையையும் உட்கார வைத்தார்கள். பின்னால் பெட்டியோடு புருஷனும் மற்றவர்களும். கதவைச் சாத்தியதும் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல மனுஷன்தான் அந்த ஆளு. நாமதான் கண்டபடி பேசிட்டோம். நாளைக்கே எழுதறேன்னு சொன்னாரு, கேட்டியா?"

"கேட்டேன் அத்தை." வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். முதலில் அத்தையிடம். அப்புறம் புருஷனிடம். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வண்டி தெருவிலிருந்து மெல்ல மூக்கை நீட்டி வளைவில் நின்றது. டிரைவர் கழுத்தை வளைத்துச் சுவரைப் பார்த்தார். ஒரு டேங்கர் போயிற்று. ஒரு கார். இன்னொரு கார். சாலையோரத்தில், விட்டுவந்த அதே இடத்தில், பொறியாளர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் ஜீப் டிரைவர் வாருங்கள் என்று கையாட்டினார். உடனே அதே கையால், நில்லுங்கள், நில்லுங்கள் என்றார்.

அத்தை கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"சராசரி இன்னும் போகலையா?"

"இல்ல அத்தை" என்றாள் அவள். பொறியாளர் ஒரு காலைச் சாலையில் வைத்தார். சவ வண்டியின் தரையில், பிரேக் இல்லாத இடத்தில், அவள் வலது கால் அழுத்திக்கொண்டிருந்தது.