மரங்களுக்குக் குளியல்

எங்கள் நகராட்சி மரங்களைக் குளிப்பாட்டுகிறது. எல்லா மரங்களையும் அல்ல, எட்டே எட்டு மரங்களை. அலுவலகத்தின் பின்பக்க மூலையில் ஒரு கம்பத்தின் மேல் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கிறது. காற்றில் எவ்வளவு தூசி என்று அளந்து, நாற்சந்தியில் நிற்கும் பலகைக்கு அது சொல்லும். பலகை பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரியும். பெட்டியைச் சுற்றி நிற்கும் அந்த எட்டு மரங்களுக்குத்தான் இந்த ராஜ உபசாரம். குளிப்பாட்டுகிறவன் நான், தண்ணீர் லாரி டிரைவர்.

எங்கள் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் வாசனை. காரை விட்டு அவர் இறங்கினாலும் சென்ட் அடித்த கைக்குட்டை மூக்கை விட்டு இறங்காது. பெட்டி நூற்றைம்பது காட்டினால் அவர் கண்டுகொள்ள மாட்டார், பலகை மஞ்சளாகக் கிடக்கும். இருநூறைத் தாண்டினால்தான் மேலிடத்திலிருந்து அவருக்குக் கேள்வி வரும். உடனே எனக்குப் போன் வரும்.

"நம்பர் ஏறுதுய்யா. குளிப்பாட்டிடு."

இலை, தண்டு, தரை, சுவர் எல்லாம் சொட்டச் சொட்ட அடிப்பேன். பெட்டியைச் சுற்றி மட்டும் தூசி அடங்கி, அரை மணி நேரத்தில் பலகை பச்சைக்கு வந்துவிடும். டிரிப் ஷீட்டில் தேதி போட்டு 'மரப் பராமரிப்பு' என்று எழுதி, நகலை வீட்டில் போட்டுவைப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் குப்பை மேடு டயர் நாற்றத்தோடு எரிந்துகொண்டிருக்கும். அதன் மேல் ஒரு சொட்டு விழாது. அதற்கு உத்தரவு இல்லை.

ஊர் கண்ணில் மண்ணைத் தூவுகிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சிரித்துக்கொண்டு செய்தேன். அந்தப் பலகையைப் பார்ப்பது மேலிடமும் அதன் மேல் உட்காரும் காக்கையும்தான் என்பது எங்கள் ஷெட்டில் பழைய ஜோக்.

என்னோடு இருப்பது அக்கா. இருபத்திரண்டு வருஷம் காலி சிமென்ட் சாக்குகளை உதறி மடிக்கிற வேலை பார்த்தவள். உதறிய தூசியில் பாதி அவள் நெஞ்சுக்குள்தான் போயிருக்க வேண்டும். இப்போது நுரையீரலில் தீராத அடைப்பு. சட்டைப் பையில் பேனா வைப்பது போல இடுப்பில் எப்போதும் மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்ப்பைச் செருகியிருப்பாள். புது ஆள் யார் பார்த்தாலும் "சிகரெட் பழக்கம் உண்டா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"பிடிச்சிருந்தா அந்த சுகமாவது மிஞ்சியிருக்கும்" என்பாள்.

அவளை வழக்கமாகப் பக்கத்து வீட்டு அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அவர் ஊரில் இல்லாததால் இந்த முறை லீவு போட்டுவிட்டு நான் போனேன். நெஞ்சு டாக்டர், அக்கா தினமும் மூச்சுக் கணக்கு எழுதும் நீல அட்டை நோட்டைப் புரட்டினார். அந்த நோட்டை வீட்டில் நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் திறந்ததில்லை.

"போன மாசம் மாத்திரைய ஏத்தினேன், அப்படியும் அடங்கலையேம்மா" என்றார். "பலகை பச்சையா இருந்தா மட்டும்தானே நடக்கறீங்க?"

"ஆமாங்க டாக்டர். சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா தெரியும். பச்சைன்னா நடப்பேன். மத்த நாள் ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே கிடப்பேன்."

"இந்த நோட்டுப்படி பாத்தா, காத்து நல்லா இருக்கற நாள்லதான் உங்களுக்கு ஜாஸ்தியாகுது. அப்ப காத்து காரணமில்ல, நோய் முத்திடுச்சு. மாத்திரைய இன்னொரு படி ஏத்திடலாம்."

அக்காவின் முகம் அந்த மாத்திரையால் ஏற்கெனவே ஊதிக் கிடந்தது. சர்க்கரையும் புதிதாக வந்திருந்தது. "நான் சரியா எழுதலையோ என்னமோ" என்றாள், பரீட்சையில் தப்பு விட்ட பிள்ளை மாதிரி.

நோட்டை வாங்கி மடியில் வைத்து, அக்கா எழுதியதைப் படித்தேன். மூன்றாம் தேதி பச்சை, பம்ப் ஒன்பது தடவை. நாலாம் தேதி மஞ்சள், மூன்று தடவை. பதினொன்று பச்சை, பத்து தடவை, சளி கறுப்பு. பன்னிரண்டு பச்சை, பாதித் தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றாம் தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குப்பை மேடு ஆளுயரத்துக்கு எரிந்தது. மூன்று முறை குளிப்பாட்டினேன். பன்னிரண்டாம் தேதி பைப் முனை உடைந்து, கையாலேயே பிடித்து அடித்தேன். பச்சை என்று அவள் எழுதிய ஒவ்வொரு நாளும் என் குளியல் நாள். காற்று கெட்டு நாறிய நாளாகப் பார்த்து நான் பச்சை காட்ட, என் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு அதற்குள் இறங்கி நடந்திருக்கிறாள்.

டாக்டரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறு என்ன. புது மாத்திரைச் சீட்டை நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. அக்கா ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பாள். இரண்டாவது திருப்பத்தில், சுவரில் சாய்ந்து அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது சொன்னேன். பெட்டி, மரம், தண்ணீர், பச்சை எல்லாவற்றையும் கொட்டினேன். அவளால் திட்ட முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இப்படியும் ஒரு பிறவி.

அவள் படியில் உட்கார்ந்தாள். பம்ப்பை இரண்டு தரம் இழுத்தாள். மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆனது.

"என் உடம்புதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்டா" என்றாள். "பச்சை எரியுது, எனக்கு மட்டும் ஏன் அடைக்குதுன்னு என்னையே திட்டிக்கிட்டு நடந்தேன்."

"எனக்குத் தெரியாதுக்கா, நீ அதைப் பாத்துதான் நடக்கறேன்னு..."

"வேற யாராவது பாத்தா பரவாயில்லயா?"

அவள் கைப்பிடியைப் பற்றி எழுந்தாள். "உன் ஷீட்டெல்லாம் எடுத்துக்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். நீதான் சொல்ற."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசனையின் போன் வந்தது.

"இருநூத்தி எண்பதுய்யா. சீக்கிரம் குளிப்பாட்டு."

"இன்னைக்கு முடியாது சார்."

"என்னய்யா, காய்ச்சலா?"

"இல்ல சார். அருவருப்பா இருக்கு."

அடுத்த லாரிக்காரனை அனுப்பிக்கொள்வதாகவும் என்னைப் பிறகு கவனித்துக்கொள்வதாகவும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அக்காவின் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, ஆட்டோ பிடித்துப் போனோம். நாற்சந்தியைத் தாண்டும்போது பலகை பச்சையாக எரிந்தது. ஆட்டோவுக்குள் டயர் நாற்றம்.

டாக்டர் என் ஷீட்டுகளை அக்காவின் நோட்டுக்குப் பக்கத்தில் பரப்பி வைத்தார். ஒரு விரல் இதிலும் ஒரு விரல் அதிலுமாகத் தேதி தேதியாக இறங்கினார். பாதியிலேயே நின்றுவிட்டார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"தண்ணி அடிச்சது?"

"நானேதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை. செருப்பில் ஒட்டியதை யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். முந்தின நாள் கொடுத்த மாத்திரைச் சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். போன மாதம் ஏற்றியதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்று அக்காவிடம் மெதுவாக விளக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பலகையப் பாத்து நடங்கன்னு இந்த நோட்டை நான் எழுபது பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

நாங்கள் வெளியே வந்தோம். வரும்போது காலியாக இருந்த பெஞ்சுகள் நிறைந்துவிட்டிருந்தன. எல்லார் மடியிலும் அதே நீல அட்டை நோட்டு. ஓரத்தில் ஒரு பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இரைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார இடம் தேடவும், நகர்ந்து கொடுத்தார்.

"நடந்தே வந்தேன்மா" என்றார், இரைப்புக்கு நடுவே பெருமையாக. "பச்சை எரிஞ்சுதா, ஆட்டோ எதுக்குன்னு நடந்துட்டேன்."

அக்கா தன் பம்ப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவன் என் தம்பி. உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள். "சொல்லுடா."