சிவப்புச் சாட்டினுக்குள் இருந்த கார்

அளவுநாடாவைப் பிடித்தபடி வசந்தாதேவி காரின் பின்பக்கத்தில் இடுப்பைச் சாய்த்தாள். கார் ஓர் அடி முன்னால் போய்விட்டது. விழப் பார்த்தவள் எப்படியோ சுதாரித்துக்கொண்டாள்.

"பிரேக் போடல்ல அன்ரி, பார்த்து" என்றான் பிரதீஸ்.

நாவற்குடாவில் பதினெட்டு வருடமாக ஓட்டோக்களுக்கு ஹூட்டும் சீற்றும் தைக்கிறவள் வசந்தாதேவி. ஓட்டோகூட இவ்வளவு லேசாக உருளாது. இது சூப்பர் காராம்.

பிரதீஸ் இங்கிலாந்தில் கார் வடிவமைக்கிற நிறுவனம் ஒன்றில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். வாவிக்கரையில் மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையை எடுத்து, இரண்டு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை செய்தான். என்ன வேலை என்று ஊருக்குத் தெரியாது. இப்போது சனிக்கிழமை பின்னேரம் ஹோட்டல் தோட்டத்தில் அறிமுக விழா என்று அழைப்பிதழ் வந்திருந்தது. காரைப் போர்த்த ஒரு சிவப்புச் சாட்டின் உறை வேண்டும், ஒரே இழுவையில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அதற்குத்தான் வசந்தாதேவியைக் கூப்பிட்டிருந்தான். வாசலிலேயே அவளுடைய போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

யாரோ அழைக்க, பிரதீஸ் பேசிக்கொண்டே வெளியே போனான். வசந்தாதேவி கதவைப் பார்த்தாள். பிறகு காரின் முன்மூடியை மெல்லத் தூக்கினாள். உள்ளே எஞ்சின் இல்லை. ஒரு பழந்துணியும் இரண்டு திருகாணிச் சாவியும் கிடந்தன. சத்தமில்லாமல் மூடிவிட்டு நாடாவைச் சுருட்டினாள்.

வெறும் கோது!

ஆறு வருடத்துக்கு முன் வெல்லாவெளிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை வருகிறது என்று ஒரு கம்பனி வந்தது. அடிக்கல்லுக்குத் திரை தைத்துக் கொடுத்தவள் வசந்தாதேவிதான். அவர்களுடைய பேச்சை நம்பி, இருபத்திரண்டு பிள்ளைகளைப் பயிற்சிக்கென்று சேர்த்தும் கொடுத்தாள். திரையை இழுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரைச் சந்தியில் கண்டால் இன்றைக்கும் அவள் மற்றப் பக்கம் கிறுகி நடப்பாள்.

இந்தமுறை மாட்டிக்கொண்டிருப்பது அவளுடைய சொந்தப் பிள்ளை. கம்சாயினி தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வேலை படித்தவள். திருகோணமலையில் ஓர் அரசாங்கப் பணிமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளோ பிரதீஸிடம் வேலைக்குப் போகப் போவதாக ஒற்றைக்காலில் நின்றாள்.

"முன்னுக்குத் துறந்து பார்த்தன் மகள். ஒண்டுமில்ல" என்றாள் வசந்தாதேவி, வீட்டுக்கு வந்த கையோடு.

கம்சாயினி சிரித்தாள். "அந்தக் காருக்கு எஞ்சின் நடுவிலம்மா. சீற்றுக்குப் பின்னால, பின் சில்லுக்கு முன்னால. பாரம் நடுவில இரிந்தாத்தான் வளைவில சட்டெண்டு திரும்பும். முழுக் காரும் எழுநூறு கிலோவுக்குள்ள."

"நீ கண்டியா எஞ்சின?"

"காணல்ல. விழாவுக்கு முதல் ஒருத்தருக்கும் காட்டமாட்டாராம். படம் வரைஞ்சி காட்டினார்."

"படம்! அண்டைக்கு எங்களுக்கும் படந்தான் காட்டினவனுகள்."

"எல்லாரையும் கள்ளனெண்டு நினைச்சா எப்பிடியம்மா வாழுற?"

வசந்தாதேவி மெசின் பக்கம் திரும்பினாள். மூன்று நாள் மெசினில் குந்தியிருந்து உறையைத் தைத்தாள். வேலையில் குறை வைக்க அவளுக்கு மனம் வராது. ஆனால் ஒவ்வொரு மடிப்பையும் தைக்கும்போது, இதற்குள் எதை மூடப் போகிறார்கள் என்ற நினைப்பே ஓடியது.

சனிக்கிழமை ஹோட்டல் தோட்டம் நிறைந்திருந்தது. கொழும்பிலிருந்து கமெராக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள், வாழைச்சேனையிலிருந்து காரின் பைபர் உடலை வார்த்த படகு வேலைக்காரர்கள். சாட்டினுக்குள் கார் ஒரு சிவந்த மேடுபோல வாவியைப் பார்த்து நின்றது. அழைப்பிதழில் கார் எல்லோர் முன்னாலும் ஓடிக் காட்டும் என்று போட்டிருந்தது.

பிரதீஸ் நுனியைப் பிடித்து இழுத்தான். துணி தண்ணீர்போல வழுக்கி விழுந்தது. இடுப்பளவு உயரம்கூட இல்லாத, பச்சை நிறக் கார். இரண்டே சீற். மூக்கு தரையை முகர்ந்துகொண்டிருந்தது. கைதட்டல் எழும்பியது. வசந்தாதேவிக்கும் கண் விரிந்தது. அழகுதான். அழகான பொருளைக் காட்டித்தானே ஏமாற்றுவார்கள் என்று மறுபடி மனதை இறுக்கிக்கொண்டாள்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்தார். "மழையினால் நிலம் ஈரமாக இருப்பதால் கார் இன்று ஓட்டப்படமாட்டாது. அனைவரும் தேநீர் அருந்தவும்."

இரண்டு கிழமையாக ஒரு துளி மழை இல்லை. காலுக்குக் கீழே புல் கருகிக் கிடந்தது. வசந்தாதேவி எழும்பிவிட்டாள். கம்சாயினி சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இரிங்க!" அவள் இருக்கவில்லை.

"தம்பி, எங்க ஈரம்? கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. எஞ்சின் இரிக்கெண்டு சனம் அறியட்டும்."

கமெராக்கள் அவள் பக்கம் திரும்பின. பிரதீஸின் முகம் வெளுத்தது. சீற்றுக்குப் பின்னால் இருந்த மூடியைத் தூக்கினான். எஞ்சின் இருந்தது. ஒரு பெரிய பெட்டிபோல, சொன்ன இடத்தில், நடுவில். உள்ளே குனிந்து விசையை அமுக்கினான். அது உறுமிய உறுமலில் வாவிக்கரைக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ வசந்தாதேவியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் அப்போதும் இருக்கவில்லை. "ஓடுமா?"

பிரதீஸ் எஞ்சினை நிறுத்தினான்.

"ஓடாது" என்றான். "கியர் பொக்ஸ் இன்னும் துறைமுகத்தில கிடக்கு. வியாழக்கிழமை வந்திருமெண்டு நம்பித்தான் அழைப்பிதழ் அடிச்சன். வரல்ல. மழையெண்டு சொன்னது பொய். மன்னிச்சிக்கொள்ளுங்க."

தேநீர்க் கோப்பைகளோடு சனம் கூட்டம் கூட்டமாகக் கதைக்கத் தொடங்கியது. முன்வரிசைப் பெரியவர்கள் இரண்டுபேர் சொல்லாமல் போய்விட்டார்கள். கமெராக்காரர் ஒருவர் கருவியை மடித்துப் பையில் வைத்தார். படகு வேலைக்காரர்கள் மட்டும் காரைச் சுற்றி நின்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்சாயினி தாயின் முகத்தைப் பார்க்காமல் தள்ளிப்போய் நின்றாள்.

சனம் கலைந்தபின் பிரதீஸ் வசந்தாதேவியிடம் வந்தான். அவள் புல்லில் கிடந்த சாட்டினை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நீங்க முன்மூடியத் துறந்தத உள்ள பூட்டியிரிக்கிற கமெராவில கண்டனான் அன்ரி."

அவள் கை நின்றது. "கண்டுமா பேசாம இரிந்தீங்க?"

"பேசினா எஞ்சினக் காட்டியிரிக்கணும். காட்டினா மறுகா நீங்க கியர் பொக்ஸக் கேட்டிரிப்பீங்க. அந்தப் பயம்."

"இவ்வளவு சனத்தையும் கூப்பிட்டு வெச்சி, மழையெண்டு."

"ஓம். பிழைதான்." அவன் வேறு சாட்டுச் சொல்லவில்லை. ஆடைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு அவள் எத்தனை தரம் போன் எடுத்திருப்பாள்! இந்த ஒற்றைச் சொல்லை ஒருவன்கூடச் சொன்னதில்லை. என்றாலும் அவளுக்கு அது போதவில்லை.

கம்சாயினி பக்கத்தில் வந்து நின்றாள். "நான் இவரிட்டத்தான் வரப்போறன் அம்மா. திருகோணமலைக்கு எழுதிப் போடுறன்" என்றாள்.

வசந்தாதேவி மகளைப் பார்க்கவில்லை, பிரதீஸைத்தான் பார்த்தாள். "வேற என்னத்த மறைச்சி வெச்சிரிக்கீங்க? இப்பவே சொல்லுங்க. பிறகு எண்ட பிள்ள சொல்லி நான் அறியக் கூடாது."

பிரதீஸ் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"பின் கண்ணாடி" என்றான். "அது நான் செஞ்சதில்ல. ஒரு பழைய வேனில இரிந்து கழட்டி வெட்டினது."

வசந்தாதேவி துணியைக் கதிரையில் வைத்துவிட்டுக் காரைச் சுற்றிப் போனாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடியின் மூலையில் பழைய ஸ்டிக்கர் ஒன்றைச் சுரண்டிய தடம் மங்கலாகத் தெரிந்தது. நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள். பசை ஒட்டியது. அவன் சொன்னது மெய்தான்.

நிமிர்ந்து முந்தானையில் விரலைத் துடைத்தாள்.

"எத்தின மணிக்கு வேலைக்கு வரணுமாம் எண்டு கேளு" என்றாள் மகளிடம்.