மங்கலான இரண்டாவது கோடு

"எனக்கு எந்தக் குச்சியும் வேண்டாம். இவருக்கு ஒரு சாம்பிள் டப்பா குடுங்க. விந்து டெஸ்டுக்கு."

மருந்துக்கடை கவுண்டரில் நின்று இப்படிக் கேட்டது நான்தான். இருமல் மருந்துக்கு நின்றிருந்தவர் இருமுவதை நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "என்ன வேணா பேசு, ஆம்பளையப் போய் டெஸ்ட் எடுக்கச் சொல்லிடாத." குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவளின் வாயைப் பற்றி அம்மாவுக்கு அப்போதே பயம் இருந்திருக்கிறது.

நாங்கள் வந்தது வேறு ஒன்று வாங்க. கருமுட்டை வெளியாகும் நாளைக் காட்டும் டெஸ்ட். நான், கணவர், அத்தை. என் சிறுநீர் விஷயத்தில் கடைசி முடிவு அத்தையுடையது. கப்பில் தோய்க்கும் பட்டை, போகும்போதே நேராகப் பிடிக்கும் குச்சி, சிரிக்கும் முகம் காட்டும் மெஷின் என்று மூன்றை எடுத்து வைத்தார் கடைக்கார அம்மா. அத்தை மெஷினை எடுத்து, வெண்டைக்காய் வாங்குவதுபோல் அதன் முனையை அழுத்திப் பார்த்தார்.

"பழைய பட்டை சரியில்லையாம்மா?" என்று அத்தையைக் கேட்டார் கடைக்கார அம்மா.

"அது ஒழுங்காத்தான் ரெண்டு கோடு காட்டுது. இவளுக்குத்தான் ஒண்ணும் தங்கல."

அத்தை பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். எட்டு மாதப் பட்டைகள், தேதி போட்டு, டேப் ஒட்டி. தினமும் பாத்ரூம் வாசலிலேயே நின்று கையில் வாங்கிக்கொள்வார். இரண்டாவது கோடு லேசாகக் கண்ணில் பட்டதும் அதைச் சுற்றி வட்டம் விழும், மகனுக்குப் போன் போகும்: "சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுப்பா." அதன்பிறகும் பட்டை ஒட்டுவது நிற்காது. பாக்கெட்டில் மிச்சமிருப்பது வீணாகக் கூடாதாம்.

எனக்கு பெயிண்ட் கம்பெனி லேபில் வேலை. இரண்டு நிறம் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் சம்பளமே. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு டப்பா வெளியே போகாது. ஆனால் வீட்டுக்குள் வந்தால் என் கண் செல்லாது. இரண்டு கோடும் ஒரே அழுத்தமாக வரவேண்டும் என்று முதல் மாதமே சொன்னேன். "என் பொண்ணு உண்டானப்ப மங்கலாத்தான் வந்துச்சு. எங்களுக்கும் தெரியும்" என்றார் அத்தை. அது கர்ப்ப டெஸ்ட், இது வேறு என்றேன். படிச்ச திமிர் என்றார்.

கடைக்கார அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினார்.

"நீங்க வட்டம் போட்டதெல்லாம் வெறும் மங்கல்மா. இது கணக்கே இல்ல. இதோ, ஆறு நாள் கழிச்சு நல்லா அழுத்தமா வந்திருக்கு பாருங்க. மாசாமாசம் வருது. அன்னிக்கெல்லாம் என்ன பண்ணீங்க?"

அன்றைக்கெல்லாம் இன்னிக்குத்தான் நாள் என்று நான் இவரைக் கூப்பிட்டேன். "அதான் போன வாரமே அம்மா சொன்னாங்களே" என்று போர்வையை இழுத்துக்கொண்டார் கணவர்.

அத்தை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "பாத்தியா, நாளைத் தப்பவிட்டது இவதான்."

அப்போதுதான் டப்பா கேட்டேன்.

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார் கணவர், சோப்பு அடுக்கைப் பார்த்தபடி.

"என் பிள்ளைக்கு என்ன குறை? ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்ல" என்றார் அத்தை.

"எனக்கு ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு அத்தை. எல்லாம் சரியா இருக்கு. இவரு மேல இதுவரைக்கும் ஒரு ஊசிகூடப் படல."

"ரெண்டு பேருமே பாத்துக்கிறதுதான் முறை" என்று கடைக்கார அம்மா டப்பாவைக் கவுண்டரில் வைத்தார்.

காலையில் கம்பெனியின் வேறு ஊர்க் கிளைக்கு மாறச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருந்தேன். என் பெட்டி ஆபீஸ் லாக்கரில் இருந்தது. போவது முடிவாகிவிட்டது. இவர் கை அந்த டப்பாவைத் தொட்டால் இவரையும் கூப்பிடுவதாக இருந்தேன், அவ்வளவுதான்.

அவர் டப்பாவைப் பார்த்தார். பிறகு அத்தை பக்கம் திரும்பி, "என்னம்மா பண்ணட்டும்?" என்றார்.

"அந்த மெஷினையே வாங்கிக்குங்க அத்தை" என்றேன். "சிரிச்ச முகம் காட்டும். நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாம்."

இருமல்காரர் ஒதுங்கி வழிவிட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி, ஆபீஸ் பக்கம் நடந்தேன்.