டில்லிபாபுவின் கடைசி வரி

டில்லிபாபு ஒரு வீடியோ கேமில், மூன்றாவது சந்தில், சுடப்பட்டு விழும் வேலை பார்த்துவந்தான். கேங்ஸ்டர் ராப் பாடகனாக வேண்டும் என்பது அவன் ஆசை.

வேலை ஒன்றும் கஷ்டமானதில்லை. ஹீரோ துப்பாக்கியோடு சந்துக்குள் நுழைந்ததும் டில்லிபாபு தார் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "டேய், யார்ரா நீ?" என்பான். பிறகு "இது எங்க ஏரியா" என்பான். ஹீரோ சுடுவான். "ஐயோ அம்மா" என்று டில்லிபாபு விழுவான். அவன் விழுந்தால்தான் அடுத்த பீப்பாய்க்குப் பின்னால் இருக்கும் கஜபதி வெளியே வரலாம். கஜபதி விழுந்தால்தான் அடுத்த தெருக்காரர்களுக்கு வேலை ஆரம்பம். துறைமுகம் வரைக்கும் இப்படித்தான் ஏற்பாடு.

கஜபதியும் விழுந்த பிறகு ஹீரோ சந்துமுனையில் நிற்கும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போவான். ஆட்டோ கிளம்பியதும் அதிலிருக்கும் ரேடியோ தானாகப் பாடும். ராப் பாட்டு. தாரில் கன்னத்தை வைத்துச் செத்துக் கிடந்தபடி டில்லிபாபு அதைக் கேட்பான். பாடுகிறவன் தான் செய்த ரவுடித்தனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவான். ஒவ்வொரு வார்த்தையும் தாளத்தின் மேல் வந்து உட்காரும். ஆட்டோ திருப்பத்தில் மறைவதற்குள் டில்லிபாபுவின் விரல் தரையில் தட்ட ஆரம்பித்துவிடும்.

"செத்தவன் விரலை ஆட்டாதடா. மேலருந்து பாத்தா தெரியுது," என்பான் கஜபதி, கேம் மிஷின் அணைந்த பிறகு.

மேலே இருந்து இந்த கேமை ஆடுபவள் நிலோஃபர். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மிஷினைப் போடுவாள். அவள் பேசுவது வானத்திலிருந்து கேட்கும். அவள் கையில் ஹீரோ பொறுமையாக நடப்பான், தெருநாயை மிதிக்காமல் சுற்றிப் போவான். டில்லிபாபுவைச் சுடுவதற்கு முன்னால் அவள் ஒவ்வொரு தடவையும் "சாரிண்ணா" என்பாள். அந்த மரியாதைக்காகவே அவன் கொஞ்சம் அக்கறையாக விழுவான்.

பாடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. மிஷின் ஓடும்போது அவரவருக்குக் கொடுத்த வரிகள் மட்டும்தான் வாயிலிருந்து வரும். மிஷின் அணைந்திருக்கும்போதும், ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கும்போதும் எதை வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் அது மேலே கேட்காது. மேலே கேட்காமல் பாடினால் அந்த ஊரில் அதைப் பாட்டு என்று சொல்வதில்லை, யோசனை என்று சொல்வார்கள். டில்லிபாபுவிடம் இருந்தவை மூன்றே வரிகள். அதிலும் கடைசி வரி குண்டு பட்டால்தான் வரும்.

ஆகவே மிஷின் அணைந்திருந்தபோது அவன் வரி இரவல் கேட்டுப் போனான். முதலில் சந்துமுனையில் மீன் விற்கும் கன்னியம்மா அக்காவிடம். அவளுக்கு இருந்தது ஒரே வரி: "வஞ்சிரம் இருக்கு, வவ்வால் இருக்கு, வாங்கிக்கோ கண்ணு."

"எடுத்துக்கோடா. வாய்க்கு ரெஸ்ட்டாவது கெடைக்கும்," என்றாள் அவள். "அது என்ன பாட்டு?"

"கேங்ஸ்டர் ராப்புக்கா. நாம செஞ்ச ரவுடித்தனத்தைப் பத்தி நாமளே பாடணும்."

"நீ என்ன செஞ்சிருக்க?"

டில்லிபாபு யோசித்துப் பார்த்தான். அவன் யாரையும் அடித்ததில்லை. அவன் துப்பாக்கியிலிருந்து குண்டு வெளியே வந்ததில்லை, அதற்குள் அவன் விழுந்துவிடுவான்.

"செத்திருக்கேன்கா," என்றான்.

"அது போதும். பாடுறவன் எவன் இவ்ளோ தடவ செத்திருக்கான்?"

கஜபதி தன்னுடைய "பின்னாடி வர்றான், பாத்துக்கோ"வைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு ஒரு விஷயத்தையும் சொல்லிவைத்தான். "பாடுறேன்னு சாகாம நின்னுடாத. நாலாவது சந்துல தேசிங்கு அப்படித்தான் தப்பிச்சு ஓடிச் சுவத்துல மாட்டிக்கிட்டான். இன்னும் இடுப்பு வரைக்கும் சுவத்துக்குள்ளதான் இருக்கான்."

"நல்லா இருக்கானா?"

"நல்லாத்தான் இருக்கான். திரும்பிப் படுக்க முடியலன்றான்."

அடுத்த தடவை நிலோஃபர் மிஷினைப் போட்டு, ஹீரோ சந்துக்குள் வந்ததும், டில்லிபாபு பீப்பாயைத் தாண்டி வந்து, ஒரு காலைத் தட்டி, ஆரம்பித்தான்.

"டேய், யார்ரா நீ? யார்ரா நீ?
இது எங்க ஏரியா!
பின்னாடி வர்றான், பாத்துக்கோ,
இது எங்க ஏரியா!
வஞ்சிரம் இருக்கு, வவ்வால் இருக்கு…"

பழக்கதோஷத்தில் நிலோஃபர் சுட்டுவிட்டாள். "ஐயோ அம்மா" சரியாகத் தாளத்தில் வந்து விழுந்தது. அதைவிடப் பொருத்தமான கடைசி வரி இருக்க முடியாது என்று விழும்போதே டில்லிபாபுவுக்குத் தோன்றியது. மனசு நிறைந்துபோய்த் தாரில் கிடந்தான்.

வானத்திலிருந்து நிலோஃபர் கேட்டாள்: "அண்ணா, நீங்க பாடுனீங்களா?"

அவள் ஆட்டத்தை முதலிலிருந்து போட்டாள். ஹீரோ நேராக மூன்றாவது சந்துக்கு வந்து துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றான். டில்லிபாபு மறுபடி பாடினான். இந்த முறை வவ்வாலையும் தாண்டி "வாங்கிக்கோ கண்ணு" வரைக்கும் வந்தான். கடைசி வரிக்காக நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தான். குண்டு வரவில்லை.

"சூப்பர்ணா. மேல பாடுங்க," என்றாள் நிலோஃபர்.

மேலே பாட அவனிடம் வரி இல்லை. "இது எங்க ஏரியா," என்றான். கண்ணைக் காட்டினான். நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"சேச்சே, இனிமே உங்களை எப்படிண்ணா சுடுவேன்?"

மிஷின் ஓடும்போது இவ்வளவு நேரம் டில்லிபாபு உயிரோடு இருந்ததே இல்லை. விழாமல் நின்றால் அடுத்து என்ன செய்வது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் பாட்டை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. தன் கேங்கின் முதலாளியைப் பார்த்துக் கேட்கலாம் என்று முடிவு செய்தான். துறைமுகக் கிடங்கில் ஆல்பர்ட் அண்ணன் இருப்பதாகவும், அவரிடம் நிறைய வரிகள் இருப்பதாகவும் ஊரில் பேச்சு. யாரும் பார்த்ததில்லை. ஹீரோ நடக்க நடக்கத்தான் அந்த ஊரில் தெரு விரியும். நிலோஃபரின் ஹீரோ துறைமுகப் பாலத்தைத் தாண்டியதே கிடையாது. அதற்குள் யாராவது அவனைச் சுட்டுவிடுவார்கள்.

டில்லிபாபு நடக்க ஆரம்பித்தான். ஹீரோ கூடவே வந்தான்.

மிஷின் ஓடும்போது நாலு அடி வைத்துவிட்டு விழத்தான் டில்லிபாபுவின் உடம்புக்குத் தெரியும். ஆகவே நாலு அடி வைத்தான், விழுந்தான், எழுந்தான், மறுபடி நாலு அடி வைத்தான். அவன் முதல் தடவை விழுந்ததும் கஜபதி முறைப்படி வெளியே வந்தான். பார்த்தால் ரத்தம் இல்லை. பேச வரியும் இல்லை. பீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். கத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் கன்னியம்மா அக்காவும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சுவர் பக்கம் போகாமல் மூவரும் நடுத்தெருவிலேயே போனார்கள். நாலாவது சந்தில் தேசிங்கு சுவரிலிருந்து கையசைத்தான்.

கஜபதி விழாததால் அடுத்தடுத்த தெருக்களில் யாருக்கும் வேலை ஆரம்பமாகவில்லை. துப்பாக்கிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். டில்லிபாபு விழும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஹீரோவும் நின்று நின்று வந்தான். பாலத்தைத் தாண்டியபோது வானத்தில் நிலோஃபர் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

கிடங்கு வாசலுக்கு வந்து சேர்ந்த சமயம், மேலே யாரோ சோறு ஆறிப்போகிறது என்று கூப்பிட்டார்கள். நிலோஃபர் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் போனாள். ஹீரோ ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். கஜபதியையும் கன்னியம்மாவையும் அவனுக்குத் துணையாக விட்டுவிட்டு டில்லிபாபு உள்ளே போனான்.

ஆல்பர்ட் அண்ணன் வெள்ளை வேட்டியில், இரும்பு நாற்காலியில், மடியில் பெரிய துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். தலைமுடி படிய வாரியிருந்தது. வருபவர்களுக்காக எப்போதும் தயாராக இருப்பவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"யாருப்பா நீ?"

"உங்க ஆளுண்ணே. மூணாவது சந்து."

"மூணாவது சந்துல எனக்கு ஆள் இருக்கா?"

"எல்லா சந்துலயும் இருக்காங்கண்ணே. எல்லாரும் உங்களுக்காகத்தான் செத்துட்டிருக்கோம்."

ஆல்பர்ட் அண்ணன் துப்பாக்கியைத் தரையில் வைத்தார். "எங்கிட்ட யாரும் சொல்லவேயில்லையே," என்றார். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"அப்புறமா சாப்பிடுறேண்ணே. எனக்கு ஒரு வரி வேணும்."

விஷயத்தை எல்லாம் கேட்டுவிட்டு, தன்னிடம் நீளமான வசனம் ஒன்று இருப்பதாகச் சொன்னார் ஆல்பர்ட் அண்ணன். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார், சொல்லத்தான் ஆள் வரவில்லை. "கேக்குறியா?" என்றார், லேசான கூச்சத்தோடு.

டில்லிபாபு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆல்பர்ட் அண்ணன் எழுந்து நின்று சொன்னார். இந்தத் துறைமுகத்தில் தன்னைக் கேட்காமல் ஒரு காக்காகூட உட்காராது என்று தொடங்கி, நெருப்பு, ரத்தம், விசுவாசம், துரோகம் என்று போய்க்கொண்டே இருந்தது. பாட்டுக்கு ஆகாது, எந்த வாக்கியமும் தாளத்தில் நிற்கவில்லை என்பது டில்லிபாபுவுக்கு ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். முடிவில் ஆல்பர்ட் அண்ணன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

"ஹா… ஹா… ஹஹ்ஹஹ் ஹா!"

டில்லிபாபுவின் விரல் தரையில் தட்டியது.

"அண்ணே, இதுதாண்ணே! இந்தச் சிரிப்பைக் குடுங்கண்ணே."

"அதை உனக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்றது? வசனம் மொட்டையா நிக்குமே."

"என்னோட 'ஐயோ அம்மா'வ எடுத்துக்குங்க."

ஆல்பர்ட் அண்ணன் அதை வாய்க்குள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். முகம் தளர்ந்தது. "இதமா இருக்குப்பா," என்றார். "மார்ல இருந்து ஏதோ எறங்குற மாதிரி இருக்கு. இதையே வெச்சுக்கிறேன்."

சாப்பிட்டுவிட்டு வந்து நிலோஃபர் ஆட்டத்தைத் தொடங்கியபோது, கிடங்குக்கு எதிரே, படகுகளைக் கட்டிவைக்கும் மேடைக்கு முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். தெருத்தெருவாக வேலையில்லாமல் நின்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பர்ட் அண்ணனுக்கு முன்வரிசையில் இரும்பு நாற்காலி போட்டிருந்தது. கஜபதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்துத் தட்டத் தொடங்கினான். அவன் கைகளுக்கு இவ்வளவு தெரியும் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

டில்லிபாபு மேடையில் ஏறினான். காலைத் தட்டி முதல் வரியை ஆரம்பித்தான். இரண்டாவது "இது எங்க ஏரியா"வுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் கையைத் தட்டினார்கள். மீன் வரி வந்தபோது கன்னியம்மா அக்கா தன் வார்த்தைகளை முதல்முறையாக வெளியிலிருந்து கேட்டுத் தலையாட்டினாள். ஹீரோவுக்கு ஆடத் தெரியாது. பதுங்கவும் எழவும் மட்டும்தான் தெரியும். நிலோஃபர் அவனைத் தாளத்துக்குத் தக்கபடி பதுங்கி எழவைத்தாள், பதுங்கி எழவைத்தாள். வானத்தில் அவள் பாதம் தரையைத் தட்டுவதும் கேட்டது.

"…வாங்கிக்கோ கண்ணு!" என்று வந்து சேர்ந்து, டில்லிபாபு மூச்சை இழுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, அந்தச் சிரிப்பைச் சிரித்தான்.

கொடுத்ததைவிடப் பெரிதாகவே வந்தது. சிரிக்கச் சிரிக்க அவன் உடம்பு விழுவதற்குத் தயாரானது, பிறகு மறந்துவிட்டது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"ஒன்ஸ் மோர்ணா!" என்றாள் நிலோஃபர்.

கைதட்டல் நிற்கவில்லை. மேடை ஓரத்தில் இருந்த கடலும் அலையோடு எழுந்து நின்றே தட்டியது. அது மறைத்ததில் பின்வரிசைக்காரர்களுக்கு மேடை தெரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உட்காரச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினார்கள். கடல் அதைக் கவனித்து, மன்னிக்கச் சொல்வதுபோலத் தலையைக் குனிந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. ஆல்பர்ட் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். டில்லிபாபு இரண்டாம் முறை பாட ஆரம்பித்தான்.